முழங்காலும் கைத்தொலைபேசியும்

"காலை எடுக்கப் போறியளோ அக்கா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வளவுப் பெண் ஓடி வந்தாள். எனக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யப் போகிறார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கால் மாற்றுவது என்றால் எல்லோருக்கும் தெரிந்த பொருள் ஒன்றுதான். காயப்பட்ட காலை எடுத்துவிட்டு ஜெய்ப்பூர் கால் பூட்டுவது. அவளுடைய தம்பி அப்படித்தான் நடந்து திரிகிறான். அவளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, விளங்கப்படுத்தி அனுப்ப அரை மணித்தியாலம் சென்றது.

சகோதரிகளே, உங்களிலும் சிலருக்கு இந்தப் பயம் இருக்கலாம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மாற்றுவதற்குக் காலை எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ் முனையும் கணைக்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கிற இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அப்படித் தேய்ந்த முனைகளைக் கொஞ்சமாகச் சீவிவிட்டு, பல்லுக்குத் தொப்பி போடுவது போல உலோக மூடிகளைப் பொருத்துகிறார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உறுதியான பிளாஸ்ரிக் தட்டு ஒன்று வைக்கிறார்கள். தசையும் நரம்பும் தோலும் நம்முடையவையாகவே இருக்கும்.

இந்த வேலையை டொக்டர்மார் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வீட்டில் கழிந்த மூன்று மாதங்களைப் பற்றி. அந்த மூன்று மாதமும் என் தலைமாட்டில் கிடந்த கைத்தொலைபேசியைப் பற்றி.

பதினான்கு வருட நோ

எனக்கு வயது 61. 2009 மாசி மாதத்தில், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடும்போது, இடது தொடையில் முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே ஷெல் துண்டு ஒன்று ஏறியது. விழுந்த விழுகையில் முழங்காலும் அடிபட்டது. காயத்துக்கு மருந்து கட்டினார்கள். துண்டை எடுக்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரமில்லை. கணவரை அந்த வருடமே இழந்தேன். செட்டிகுளம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பியபோது என்னோடு இருந்தது இரண்டு பெண் பிள்ளைகள். பிறகு உதவியாகக் கிடைத்தது ஒரு தையல் மெசின். காலால் மிதிக்கிற மெசின் அது. வலது காலால் மிதித்தேன், இடது காலை நீட்டி வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சோளி, தலையணை உறை என்று தைத்துத்தான் இரண்டு பேரையும் படிப்பித்தேன்.

கிணற்றில் அள்ளுவது, விறகு தூக்குவது, அடுப்படியில் குந்தியிருப்பது எல்லாம் அந்தக் காலோடுதான். நோகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், பிள்ளை எங்கே என்று படத்தோடு அலைகிறவர்கள் மத்தியில் "எனக்கு முழங்கால் நோகுது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு மெசினில் இருந்துவிடுவேன். 2019ஆம் ஆண்டளவில் கால் வில்லாக வளைந்துவிட்டது. இரவில் திரும்பிப் படுக்க முடியாது. மகள்தான் பிடிவாதமாகக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்றே படத்தில் மூட்டுக்கு நடுவே இடைவெளியே இல்லை. மேலே தொடைக்குள் ஷெல் துண்டு மட்டும் நகக்கண் அளவில் வெள்ளையாகத் தெரிந்தது.

உங்களில் யாருக்காவது உடம்பில் இப்படித் துண்டு இருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய காயத்துக்குள் கிருமி ஒளிந்திருந்தால், புதிய மூட்டுக்கு அது போய்ச் சேரக்கூடும். அப்படிச் சேர்ந்தால் பொருத்திய மூட்டையே திரும்பக் கழற்ற வேண்டியும் வரலாம். அதற்காகத்தான் எனக்கு இரத்தப் பரிசோதனைகளை இரண்டு தரம் செய்து பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கானுக்குப் போகிறவர்களும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என்னுடைய துண்டு மூட்டுக்கு எட்டத்தில், சதைக்குள் இருந்தபடியால் அதைத் தொடாமல் விட்டார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2022இல் ஒரு திகதி தந்தார்கள். அந்த வருடம் நாட்டில் மருந்துமில்லை, எரிபொருளுமில்லை. என்னுடையது போன்ற அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. கடைசியில் 2023 புரட்டாதியில்தான் கட்டில் கிடைத்தது.

ரொறன்ரோவில் இருந்து வந்த யோசனை

செய்தி கேட்டதும் கனடாவில் இருக்கிற என் அக்காவின் மகள் எடுத்தாள். "சின்னம்மா, என்ர மாமிக்கும் போன வருஷம் இதே ஒப்பரேஷன்தான். ஆஸ்பத்திரியாலயே போனுக்கு ஒரு அப் குடுத்தவை. இண்டைக்கு என்ன செய்யவேணும், நாளைக்கு என்ன செய்யவேணும் எண்டு எல்லாம் அதுவே சொல்லும். நான் உங்களுக்கு அனுப்பிவிடுறன்."

இந்த 'அப்' என்பதைத்தான் தமிழில் செயலி என்கிறார்கள். மகள் அதைத் தன்னுடைய போனில் இறக்கினாள். எல்லாம் ஆங்கிலம். இரண்டாவது பக்கத்தில் வைத்தியசாலை தந்த இரகசிய இலக்கத்தைப் போடு என்று கேட்டது. அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. அவள் வேறு ஒன்றைத் தேடி எடுத்தாள். அது பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. எத்தனை தரம் எங்களைப் பதிந்திருப்பார்கள், எத்தனை படம் எடுத்திருப்பார்கள், எத்தனை பேரிடம் ஒரே விபரத்தைச் சொல்லியிருப்போம்! "வேண்டாம் பிள்ளை, அழி" என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் கோபம்தான்.

ஆனாலும் பெறாமகள் சொன்னது பொய்யல்ல. பிறகு விசாரித்து அறிந்தேன். நெதர்லாந்தில் முழங்கால் மாற்றிய 213 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு அன்றன்றைக்குத் தேவையான விடயத்தை மட்டும் அன்றன்றைக்குப் போனில் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. முதல் நான்கு வாரத்தில், நாளுக்கு நாள் சொல்லப்பட்டவர்களுக்கு நோ குறைவாக இருந்ததாம், உடற்பயிற்சியும் நன்றாகச் செய்தார்களாம். இந்த முடிவு 2019இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மூட்டுச் செய்கிற பெரிய கம்பனி ஒன்று, அப்பிள் கம்பனியோடு சேர்ந்து 2018இல் கைக்கடிகாரமும் செயலியும் வைத்து நோயாளர்களைக் கவனிக்கத் தொடங்கியது. 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், எத்தனை அடி நடந்தோம் என்பதைத் தானே எண்ணிச் சொல்லும் செயற்கை மூட்டுக்கு அந்த நாட்டில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எலும்புக்குள் இருந்து ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஒரே நாளில் இருபது புத்திமதி சொன்னால் நோயாளிக்கு ஒன்றும் நினைவில் நிற்காது என்பதுதான் இந்தச் செயலிகளின் அடிப்படை. வார்டில் இருந்து வீட்டுக்கு விடும் நாளில் எனக்கும் அப்படித்தான். ஊசி, குளிசை, கட்டு, அடுத்த கிளினிக், செய்யக்கூடாதவை என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். தலையை ஆட்டினேன். வாசலுக்கு வரும்போதே பாதி மறந்துவிட்டது.

மிஸ்சின் குரல்

அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் உடற்பயிற்சி தருகிற இளம் பெண் ஒருவர். எல்லோரும் 'பிசியோ மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தூர இடங்களில் இருந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறார்கள் என்று தெரியாமற் போவது அவருக்குப் பெரிய கவலையாம். அதனால் தன் முயற்சியில் ஒரு வழி செய்து வைத்திருந்தார். அதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம். எங்கள் எல்லோரிடமும் இருக்கிற வட்ஸ்அப்தான்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே என் கட்டிலடிக்கு வந்து, மகளுடைய போனில் ஆறு சிறிய வீடியோக்களை ஏற்றித் தந்தார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முகம் தெரியாது, ஒரு காலும் அவருடைய தமிழ்க் குரலும் மட்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது ஒன்று. முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது ஒன்று. குதியைக் கட்டிலில் இழுத்து இழுத்து மடிப்பது, காலை நேராகத் தூக்குவது, வோக்கரோடு நடப்பது, படி ஏறி இறங்குவது மற்றவை. "மேல ஏறேக்க நல்ல கால் முதல், கீழ இறங்கேக்க நோக்கால் முதல்" என்று அவர் பாட்டுப் போலச் சொல்வது எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. பயிற்சிகளை முதல் நாளே செய்யப் பழக்கினார். நோ வந்த பிறகு புதிதாக எதையும் படிக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. அது எவ்வளவு சரி என்று மறுநாள், என்னைக் கட்டிலால் இறக்கி நடக்கவிட்டபோது தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார். மடிகிற அளவைப் பார்க்கிற இலவசச் செயலி ஒன்றை ஏற்றிக் காட்டினார். போனைத் திருப்பினால் படமும் தானாகத் திரும்புகிறதல்லவா? போன் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அறிகிற ஒரு சிறு பொருள் உள்ளே இருப்பதால்தான் அது நடக்கிறது. அதே பொருளைக் கொண்டு மூட்டையும் அளக்கலாம். தொடையில் ஒரு தரம், கணைக்காலில் ஒரு தரம் போனை வைத்தால் எத்தனை பாகை மடிகிறது என்று காட்டும். சாதாரணமாக நடக்க ஏறக்குறைய 70 பாகை போதும். படி ஏற இறங்கவும் கதிரையில் இருந்து எழும்பவும் 90 பாகைக்கு மேலும் வேண்டும். அதனால் முதலில் 90ஐப் பிடிக்க வேண்டும் என்றார். குந்தியிருப்பது, சம்மணம் போட்டு நிலத்தில் இருப்பது இரண்டையும் இனி மறந்துவிடச் சொன்னார். எங்கள் வீட்டு மலசலகூடம் குந்தியிருக்கிறது. அதற்கு மேல் வைக்கிற நடுவில் ஓட்டை போட்ட கதிரையை மருமகன் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தார். இதையெல்லாம் வைத்தியசாலைக்குப் போக முன்பே செய்து வைக்காதவர்கள் படுகிற பாட்டை வார்டில் கண்டேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மகளின் போனில் அலாரம் அடிக்கும், குளிசைக்கு, பயிற்சிக்கு என்று. காலை ஏழு மணிக்கு மிஸ்சின் குரல் வரும். ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக அவர் முன்பே பதிந்து வைத்திருந்தவை அவை. அதன் முடிவில் ஐந்து கேள்விகள் இருக்கும். நோ பத்தில் எத்தனை? எத்தனை பாகை மடிந்தது? காய்ச்சல் உண்டா? கட்டில் ஈரம், சிவப்பு உண்டா? கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, அமர்த்தினால் நோகிறதா? இலக்கத்தையும் ஓம், இல்லை என்பதையும் குரலிலேயே சொல்லி அனுப்பலாம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் இது கைகூடும். என்ன, எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கிணற்றடி வேம்புக்குக் கீழேதான் வரும். வோக்கரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வந்ததே எனக்கு நல்ல நடைப் பயிற்சியாகிவிட்டது.

நான் சொன்ன 'மூன்று'

ஒன்பதாம் நாள் காலை வழமையான குரல் வரவில்லை. மிஸ்சே நேரில் எடுத்தார்.

"அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் நோ மூண்டு எண்டு சொல்லுறியள். அஞ்சாம் நாள் மடிச்சது 55. இண்டைக்கும் 55. மூண்டெண்டால் ஏன் கால் மடியேல்லை?"

நான் பேசாமல் நின்றேன்.

"பொய் சொல்லுறியளோ அம்மா?"

அவருக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையில் நோ எட்டு, ஒன்பது. இரவில் நித்திரை இல்லை. இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். வைத்தியசாலையில் தந்த நோக் குளிசைகளில் பாதியை நான் குடிக்கவில்லை. பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. மருந்து கையில் இருக்கும்போது முழுவதையும் முடித்துவிடக் கூடாது, நாளைக்கு யாருக்காவது தேவைப்படும் என்ற பழக்கம். பதுங்கு குழிக்குள் பழகிய பழக்கம். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம், என் கை மட்டும் இன்னும் சேர்த்துக்கொண்டிருந்தது.

மிஸ் ஏசவில்லை. நோக் குளிசையை நேரத்துக்குக் குடித்து, அரை மணித்தியாலம் கழித்துப் பயிற்சி செய்தால்தான் கால் மடியும் என்றார். முதல் ஆறு வாரத்தில் மடிக்காமல் விட்டால் உள்ளே தழும்பு இறுகி, மூட்டு விறைத்துவிடும். பிறகு மயக்கம் கொடுத்து டொக்டர்தான் மடித்துவிட வேண்டி வரும். நல்ல மூட்டைப் போட்டும் நடக்க ஏலாமல் இருக்கிறவர்கள் உண்டு என்றார். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்திருந்ததையும் அன்றே நிறுத்தினேன். சுகமாக இருக்கும், ஆனால் கால் மடிந்த வாக்கிலேயே நின்றுவிடும். நீட்டுவதும் மடிப்பதைப் போலவே முக்கியம். அதற்குக் குதிக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து முழங்காலைத் தொங்கவிட வேண்டும்.

நோவுக்கு இலக்கம் சொல்லவும் அன்றைக்குத்தான் பழக்கினார். "நோ இருக்கு, ஆனா கதைச்சுச் சிரிக்கலாம் எண்டால் மூண்டு. வேலை ஒண்டும் ஓடேல்லை எண்டால் அஞ்சு. நித்திரை வரேல்லை எண்டால் ஏழுக்கு மேல. மற்ற ஆக்களின்ர நோவோட உங்கட நோவை வைச்சுப் பாக்காதேங்கோ."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் போனுக்குள் எவ்வளவு கெட்டித்தனம் இருந்தாலும் நான் சொன்னதைத்தானே அது அங்கே கொண்டு போகும்? நான் மூன்று என்றால் அதற்கும் மூன்றுதான். பாகை அளக்கிற செயலி மட்டும்தான் எனக்காகப் பொய் சொல்லவில்லை. அதையும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒரு மனுசி இருந்தபடியால் நான் தப்பினேன்.

பன்னிரண்டாம் நாள்

அந்தக் கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். பன்னிரண்டாம் நாள் காலை ஐந்தாவது கேள்வி வந்தபோது பழக்க தோஷத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வேம்புக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று யோசித்தேன். முதல் நாள் மாலையில் இருந்து இடது கெண்டைக்கால் கல்லுப்போல இருந்தது. சத்திரசிகிச்சை செய்த கால்தானே, வீங்கும்தானே என்று விட்டிருந்தேன். திரும்பிக் கிணற்றடிக்குப் போய், "மிஸ், நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வீங்கித்தான் கிடக்கு. அமத்தினா நோகுது, சூடாவும் இருக்கு" என்று அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. மகளை இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "உருவிவிட வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம். உடனே வாங்கோ. மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் ஓட்டோ பாத்துக்கொண்டு நிக்காமல் 1990க்கு அடியுங்கோ" என்றார். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. எனக்கு மூச்சு நன்றாக இருந்தது. ஓட்டோவில் போனோம். ஸ்கானில் கெண்டைக்கால் நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது.

முழங்கால், இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இது வரக்கூடியதுதான். அதைத் தடுக்கத்தான் இரத்தத்தை இளக வைக்கிற ஊசியோ குளிசையோ தருகிறார்கள். பாதத்தை ஆட்டச் சொல்வதும் அதற்காகத்தான். எவ்வளவு தடுத்தாலும் சிலருக்கு வந்துவிடும். காலில் கட்டிய இரத்தம் அறுந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனக்கு மூன்று மாதத்துக்குக் குளிசை தந்தார்கள். அந்த அலாரத்தை மட்டும் மகள் என் பேத்தியின் குரலில் வைத்துவிட்டாள். "அம்மம்மா, குளிசை!" என்று அது கத்தும். பேணிக்குள் ஒன்றும் போடவில்லை.

போனை வைத்திருக்கிறவர்களுக்கு

பதினான்காம் நாள் தையல் வெட்டினார்கள். அதுவரை காயத்தை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுத்தோம். அப்படி எடுத்தால்தான் நேற்றைக்கு இன்றைக்குச் சிவப்புக் கூடியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். காயத்தால் நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, பக்கத்துக் கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடித்துச் சமாளிக்க வேண்டாம். கிருமி மூட்டுக்குள் இருக்கிறதா என்று பரிசோதிக்க முன் மருந்து குடித்தால் அந்தக் கிருமியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். முதலில் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்குப் போங்கள்.

படம் என்றதும் உங்களுக்கு வருகிற யோசனை எனக்கும் வந்தது. என் கால் படம் எத்தனை பேரின் போனில் கிடக்கும்? மிஸ்சிடம் நேரடியாகக் கேட்டேன். எல்லோரையும் ஒரே குழுவில் போடாமல் தனித்தனியாகத்தான் அனுப்புகிறேன் என்றார். படத்தில் முகமோ பெயரோ வரக்கூடாது, முழங்காலுக்கு மேலே சேலையால் மூடிவிட்டு எடுங்கள் என்றார். பார்த்த படங்கள் தானாக அழிகிற மாதிரி வட்ஸ்அப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. மகள் அதைப் போட்டு வைத்தாள். போன் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கிற வீடுகளில் இது இன்னும் முக்கியம். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்று எந்தச் செயலி கேட்டாலும் நான் அனுப்ப மாட்டேன். கால் மடக்குவதற்கும் அடையாள அட்டைக்கும் என்ன சம்பந்தம்?

அதே வட்ஸ்அப்பில்தான் குப்பையும் வரும். முழங்கால் மாற்றியவர்கள் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு வீடியோ. தேய்ந்த எலும்பைத் திரும்ப வளர்க்கும் எண்ணெய் என்று இன்னொன்று, விலையோடு. முதலாவதை எனக்கு அனுப்பியது என் சொந்த மச்சாள். அவவின் பேச்சைக் கேட்டிருந்தால் என் கால் இன்று விறைத்துப் போயிருக்கும். யார் சொல்கிறார்கள், எங்கே வேலை செய்கிறவர் என்று தெரியாத எதையும் காலில் பரீட்சை பண்ண வேண்டாம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். வீடியோக்களை வார்டிலேயே ஏற்றிக்கொண்டதால் வீட்டில் அவற்றுக்கு டேட்டா போகவில்லை. குரல் செய்திக்கு மிகக் கொஞ்சம்தான் போகும். பாகை அளக்கிற செயலியும் அலாரமும் டேட்டா இல்லாமலே வேலை செய்யும். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறி, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் வருகிற செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் கிளினிக்கை விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாவது வாரம் டொக்டர் கையால் தொட்டுப் பார்த்து, எக்ஸ்றே எடுத்துச் சொன்னவற்றைப் போன் சொல்லாது. ஸ்மார்ட் போனே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மிஸ்சிடம் கேட்டேன். அவர்களுக்குச் சாதாரணமாக அழைத்துக் கதைக்கிறாராம், தன் மதியச் சாப்பாட்டு நேரத்தில். வார்டில் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒருவர் இருக்கவும் முடியாது. தமிழில் ஒழுங்கான செயலி ஒன்றை யாராவது செய்து, எல்லா வைத்தியசாலைக்கும் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பிடவாவது கிடைக்கும்.

எனக்கு ஐந்தாம் வாரம் 90 பாகை வந்தது. மூன்று மாதத்தில் 108. மெசினுக்கு மகள் மோட்டார் பூட்டித் தந்துவிட்டாள். மிதிக்கிற வேலை இப்போது இல்லை. இரவில் திரும்பிப் படுக்கலாம். மழை வரப்போகிறது என்றால் தொடைக்குள் இருக்கிற துண்டு கொஞ்சம் சொல்லும், அவ்வளவுதான். வலது முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது. அதற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் மிஸ் ஓர் உதவி கேட்டார். புதிதாகச் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் குரலில் ஒரு செய்தி பதிந்து தர முடியுமா என்று. நான் மேடையில் ஏறி அறியாத ஆள். நாலு தரம் பதிந்து அழித்தேன். ஐந்தாம் தரம் பேணிக் கதையைச் சொல்லி, குளிசையைச் சேர்த்து வைக்காதீர்கள், இலக்கத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு மிஸ்சின் மூலமாக எனக்குப் பதில் அனுப்பியிருந்தார். "அக்கா, நானும் நாலு எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். இண்டைக்கு எட்டு எண்டு சொல்லிப்போட்டன்."